மூன்றாவது ஆணி

கிளெமென்டின் பித்தளை வில்லை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்துக்கு அது அங்கே இருக்க நியாயமே இல்லை.

கல்லறைத் திருநாள் பூசைக்குப் போய், மழைக்குப் பயந்து பாதியில் திரும்பிய கிரேஸ், குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, கைப்பைக்குள் துழாவித் தன் வில்லையை எடுத்துக் கதவோரப் பலகையில் மாட்டப் போனபோதுதான் பக்கத்து ஆணியைப் பார்த்தாள். நாலு மணிக்கு இருவரும் ஒன்றாகத்தான் கிளம்பினார்கள். அவள் புருஷன் கிளெமென்ட் தன் பித்தளை வில்லையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை அவள் கண்ணால் பார்த்தாள். அவளைக் கல்லறை கேட்டில் இறக்கிவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், ட்யூட்டிக்கு நேரமாகிறது, எட்டு மணிக்குப் பூசை முடிந்ததும் ஆட்டோ பிடித்து வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனியில் அவர் நைட் ஷிப்டு செக்யூரிட்டி சூப்பர்வைசர். இப்போது மணி ஆறரை. இந்நேரம் அங்கே கேட்டில் நின்று ஆட்களின் அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாசலில் பைக்கும் இல்லை. வில்லை மட்டும் இருந்தது, கதவு திறந்த காற்றில் லேசாக ஆடிக்கொண்டு.

"இன்னாங்க," என்று கூப்பிட்டாள். "உள்ள கீறீங்களா?"

பின்பக்கத் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் வீடு முழுக்க நிறைந்திருந்தது.

மறந்திருப்பார் என்று வேறு யாரைப் பற்றியும் சொல்லலாம். கிளெமென்டைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்தப் பலகை கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. கிரேஸின் மாமனார் சுரங்கத்து டைம் ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் பலகையிலிருந்து தன் நம்பர் போட்ட வில்லையை எடுத்துக்கொண்டு இறங்குவான், ஏறி வந்ததும் திரும்ப மாட்டுவான். ஷிப்டு முடிந்து சங்கு ஊதிய பிறகும் ஓர் ஆணி காலியாக இருந்தால் டைம் ஆபீஸில் ஒருத்தரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடியபோது, ஆளாளுக்குக் கட்டிலும் பீரோவும் கட்டிக்கொண்டு பெங்களூருக்கு லாரி ஏறினார்கள். அவர் தோளில் தூக்கி வந்தது ஒரு பலகையும் நாலு வில்லையும். லிங்கராஜபுரத்தில் இந்த வீட்டை வாங்கியதும் முதல் வேலையாகக் கதவோரம் அதை அடித்தார். வெளியே போகிறவர் எடுக்க வேண்டும், உள்ளே வருகிறவர் மாட்ட வேண்டும். பக்கத்து வீட்டு வனஜா, இதென்ன வீடா ஆபீஸா என்று சிரிப்பாள்.

கிளெமென்ட் சிரிக்க மாட்டார். அவரும் ஒன்பது வருஷம் கீழே இறங்கியவர். ஒருநாள் பாறை வெடித்துச் சரிந்ததில், அவரோடு காலையில் டீ குடித்துவிட்டு இறங்கியவன் ஏறி வரவில்லை. மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் அந்த ஆணியைப் பார்த்தபடி டைம் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தாராம். அதிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம். படுக்கப் போகும் முன் பலகையைத் தொட்டு எண்ணிவிட்டுத்தான் படுப்பார். பால் பாக்கெட் வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் வில்லை சட்டைப்பைக்குப் போகும், வந்ததும் கை தானாக ஆணிக்குப் போகும். காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்த நாளில்கூட, ஆட்டோவிலிருந்து அவரை இறக்கிக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்தபோது, மனுஷன் வில்லையை மாட்டிவிட்டுத்தான் மயங்கினார்.

பலகையில் இப்போது மூன்று ஆணிகள். மாமனார் செத்த அன்றே அவருடையதைக் கிளெமென்ட் பிடுங்கிவிட்டார். முதலாவது கிளெமென்டுடையது, இரண்டாவது கிரேஸுடையது. மூன்றாவது பதினாறு வருஷமாகக் காலி.

அது அவர்கள் மகள் அன்னாவுடையது. அவளுக்கு அப்போது எட்டு வயது. கோயிலில் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வெள்ளை கவுன் போட்டு, கையில் மெழுகுவத்தி பிடித்து எடுத்த போட்டோவை வாங்கப் போக வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டூடியோ எதிர்வரிசையில், கோணலாக நாலாவது கட்டடம். அன்று சனிக்கிழமை. கிரேஸுக்கு கார்மென்ட்ஸில் ஓவர்டைம். கிளெமென்ட் நைட் ஷிப்டு முடித்துவிட்டு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு கிரேஸ் வந்து பார்த்தபோது மூன்றாவது ஆணி காலியாக இருந்தது. புருஷனைத் தட்டி எழுப்பினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தவர், எனக்குத் தெரியாதே, போட்டோ வாங்கப் போயிருப்பாள் என்றார். ஸ்டூடியோவில் அவள் இல்லை. எங்கேயும் இல்லை.

அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் அந்தப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே காணாமல் போயிருந்தன. கிளெமென்ட் அப்போதே பாதி ஆளாகிப்போனார். அன்னாவைத் தெருவில் விளையாட விடமாட்டார், ஸ்கூலுக்குத் தானே கூட்டிக்கொண்டு போய்த் தானே கூட்டி வருவார். அப்படியிருந்தும் அசந்த ஒரு மத்தியானத்தில் பிள்ளை போய்விட்டது என்றால் அந்த மனுஷனை என்ன சொல்ல முடியும். கிரேஸ் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. போலீஸ் வந்து கேட்டபோது அவள்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். வில்லையை எடுக்காமல் என் பொண்ணு வாசல்படி தாண்டமாட்டாள், வில்லை இல்லையென்றால் அவள் வெளியேதான் போயிருக்கிறாள் என்று தமிழிலும் சொன்னாள், கன்னடத்திலும் சொன்னாள், எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டாள். அவர்கள் சாக்கடையைத் தேடினார்கள், தண்டவாளத்தைத் தேடினார்கள், ஏரியில் ஆள் இறக்கித் தேடினார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மூன்று வருஷம் கழித்து ஸ்டூடியோக்காரன் பிடிபட்டான். போட்டோ பரத் என்றால் லிங்கராஜபுரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவன்தான். பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதில் கெட்டிக்காரன். அவனுடைய டார்க் ரூம் தரைக்கு அடியில் இரண்டு பிள்ளைகள் கிடைத்தார்கள், ஓசூர் ரோட்டோரம் ஒரு தோப்பில் மூன்றாவது. மூன்றையும் ஒப்புக்கொண்டான், ஒவ்வொன்றையும் நிதானமாக விவரித்தான். அன்னாவைப் பற்றிக் கேட்டால் மட்டும், அந்தப் பொண்ணு என்னுடையது இல்லை என்றான். பதின்மூன்று வருஷமாக அதே பதில். யாரும் நம்பவில்லை. பேப்பர்காரர்கள் நாலாவது என்றே எழுதினார்கள், கிரேஸும் அப்படித்தான் நம்பினாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் வாயிலிருந்து ஆமாம் என்ற ஒரு சொல். கல்லறைத் திருநாளில் ஊரே திரண்டு தங்கள் தங்கள் குடும்பத்துச் சமாதிகளைக் கழுவி, சாமந்திப்பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றும்போது, கிரேஸ் மட்டும் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடியில், சமாதி இல்லாதவர்களோடு நிற்பாள். பெயர் வெட்டுகிற மேஸ்திரியிடம் அவள் கேட்டுப் பார்த்துவிட்டாள். ஒரு கல்லாவது வைக்கலாம், ஆனால் பிறந்த தேதி, இறந்த தேதி இரண்டும் வேண்டும் என்றான். இறந்த தேதிக்கு எங்கே போவது. அவன் ஆமாம் சொன்னால் அந்தச் சனிக்கிழமையை வெட்டிவிடலாம். கிளெமென்டோ கல்லறை கேட்டைத் தாண்டி ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. செத்துவிட்டாள் என்று எவன் சொன்னது என்பார். அதற்கு மேல் பேச்சு நீளாது. அவரால் தாங்க முடியவில்லை, பாவம் என்று பங்குச்சாமியார்கூடச் சொன்னார்.

கிரேஸ் ஹால் விளக்கைப் போட்டாள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. படுக்கையறையில் கட்டில் விரிப்பு கசங்காமல் இருந்தது, குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. திருடனாக இருந்தால் வில்லையை மாட்டிவிட்டுத் திருட மாட்டான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. சமையலறைக்கு வந்தபோது முட்டை பொரித்த வாசனை. அவள் காலையிலிருந்து முட்டை உடைக்கவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த வாணலியின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு நீர் நழுவி மேடையில் விழுந்தது. அடுப்பின் இரும்பைத் தொட்டாள். இன்னும் சூடு இருந்தது.

பின்னால் ரயில் போனது. ஜன்னல் கண்ணாடியும் அலமாரித் தட்டுகளும் வழக்கம்போல் நடுங்கி, வழக்கம்போல் அடங்கின. அந்தச் சத்தத்தோடு சத்தமாகப் போன் அடித்துக்கொண்டிருந்ததை அவள் தாமதமாகத்தான் உணர்ந்தாள்.

ரகு சார். ஆறு வருஷமாக அன்னாவின் ஃபைலை வைத்திருக்கிற சி.ஐ.டி. இன்ஸ்பெக்டர். மண்டியாப் பக்கத்துக் கன்னடக்காரர், தமிழர்கள் நிறைந்த நீலசந்திராவில் குடியிருந்தபோது பிடித்துக்கொண்ட தமிழ் பேசுவார். நல்ல மனுஷன். வருஷா வருஷம் இந்த நாளில் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிப்பார். இன்று எடுத்ததும், முதலில் உட்காருங்கள் என்றார். கிரேஸ் உட்காரவில்லை.

"பரத் போயிட்டான் அம்மா," என்றார் ரகு. "மத்தியானம் ரெண்டரைக்கு, ஆஸ்பத்திரியில."

அவளுக்கு அழுகை வரவில்லை. மேஸ்திரியின் உளிதான் ஞாபகம் வந்தது. என் பொண்ணைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று கேட்டாள். ரகு கொஞ்சம் தயங்கினார். நேற்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை கேட்டாராம், சாகும்போதாவது அந்தத் தாய்க்கு ஒரு வழி செய் என்று கெஞ்சவே கெஞ்சினாராம். அதே பாட்டுத்தான் பாடினான் என்றார். சொல்லிவிட்டு வைக்கப் பார்த்தார். அந்தத் தயக்கத்தை கிரேஸ் விடவில்லை. என்ன சொன்னானோ அப்படியே சொல்லுங்கள் என்றாள்.

"மூணரை மணிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் கடை வாசல்லயே நின்னேன் சார், அந்த வீட்டு கேட்டயே பாத்துக்கினு. நான் எல்லாம் ரெடியாதான் வெச்சிருந்தேன். ஆனா அவ வெளியவே வரல." ரகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதுதான் அம்மா அவன் சொன்னது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. நாலு நாலரைக்கு அவங்க அப்பா மட்டும் வெளிய வந்தாராம். கேட்டுமேல கைய வெச்சிக்கினு ரொம்ப நேரம் இவனயே பாத்துட்டு உள்ள போனாராம். சாகறவன் ஒளறல், நீங்க பேஜார் பண்ணிக்காதீங்க."

அவர் இன்னும் ஏதோ சொன்னார், நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன் என்ற மாதிரி. கிரேஸ் சரி சார் என்று சொல்லிப் போனை வைத்தாள். கையில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

மூன்றை ஒப்புக்கொண்டவன் நாலாவதை மறைத்து என்ன சம்பாதிக்கப் போகிறான். தூக்கு ஒரு தடவைதான் போட முடியும். அந்த மத்தியானம் கிளெமென்ட் தூங்கிக்கொண்டிருந்தார். அப்படித்தான் சொன்னார். கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார். நாலரைக்குக் கேட்டில் நின்றார் என்கிறான் அவன். இருவரில் ஒருவர் சொல்வது பொய். அதில் ஒருவன் மூன்று பிள்ளைகளைக் கொன்றவன். இருந்தும் கிரேஸின் மனசு நம்பியது அவனைத்தான், அதுதான் அவளுக்குப் பயத்தைக் கொடுத்தது.

அன்னா வெளியே வரவில்லை.

அப்படியென்றால் ஆணி ஏன் காலி?

காலி ஆணி என்றால் ஆள் வெளியே. ஆனால் அது இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர்களாக வைத்துக்கொண்ட கணக்கு. சுரங்கத்தில் வாசல் கிடையாது, வெளியே கிடையாது. அங்கே அந்தப் பலகைக்கு ஒரே அர்த்தம். மாமனார் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே.

கிரேஸ் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்னா காணாமல் போவதற்கு முந்தைய அந்த வருஷம் கிளெமென்ட் வீட்டின் முன்னால் தரைக்கடியில் புதிதாகத் தண்ணீர் சம்ப் தோண்டினார். பின்பக்கத்துப் பழைய சம்ப் விரிசல் விட்டுவிட்டது, பெருச்சாளி வருகிறது என்று மூடினார். ஆள் வைக்கவில்லை. சுரங்கத்தில் தோண்டியவனுக்குக் கூலியாள் எதற்கு என்றார். மாதக்கணக்கில் மூட்டை மூட்டையாக மண்ணை வெளியே எடுத்து லாரியில் அனுப்பினார். ஒரு சம்புக்கு இவ்வளவு மண்ணா என்று வனஜா கேட்டாள். அதற்கும் சிரித்தார்கள்.

பின்பக்கம் அவர் பொறுப்பு. அவள் துணி காயப்போடுவதுகூட மாடியில்தான். பழைய சம்பின் மூடிமேல் நீல டிரம் நிறையத் தண்ணீர் இருக்கும். நகர்த்த இரண்டு ஆள் வேண்டும், இல்லையென்றால் அடியில் உருளை வைத்துத் தள்ளத் தெரிந்த ஒரு ஆள்.

ராத்திரிகளில் சிலசமயம் தரைக்கு அடியில் டொக் டொக் என்று கேட்கும். பைப்பில் காற்று என்பார். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் இருபத்தைந்து கிலோ அரிசி மாதம் தாங்காது. மனுஷன் மெலிந்துகொண்டேதான் போனார். அவளுடைய பழைய நைட்டிகள் காணாமல் போகும். கோயிலில் கொடுத்துவிட்டேன் என்பார். பகலெல்லாம் அவள் வேலையில். பகலெல்லாம் அவர் வீட்டில், தனியாக. ஞாயிற்றுக்கிழமையானால் அவளை எங்காவது அனுப்பிவிடுவார், கோயில் அன்பியக் கூட்டத்துக்கு, தங்கச்சி வீட்டுக்கு, நீயும் வெளியே போய் வந்தால்தானே மனசு ஆறும் என்று. அதைப் பாசம் என்று நினைத்தாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து அவள் வீட்டில் இருந்தாள். எட்டு மணிவரை வரமாட்டாள் என்று அவர் திரும்பி வந்திருக்கிறார். பைக்கை எங்கோ நிறுத்திவிட்டுத் திருட்டுத்தனமாக வந்திருக்கிறார். கை மட்டும் பழக்கத்தில் ஆணிக்குப் போயிருக்கிறது.

அவர் உள்ளேதான் இருக்கிறார்.

பின்கதவுத் தாழ்ப்பாள் திறந்திருந்தது.

அவள் செருப்பைக் கழற்றினாள். ஏன் கழற்றினாள் என்று தெரியவில்லை. ஈரத் தரை பாதத்தில் சில்லென்று ஏறியது. கதவை ஒரு சாண் தள்ளினாள். சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்து. மேலே தகரம். மழை அதன்மேல் கொட்டியது. விளக்கு இல்லை.

டிரம் இடம் மாறியிருந்தது.

இரும்பு மூடி முக்கால்வாசி மூடியிருந்தது. மீதிக் கால்வாசியில் மஞ்சள் வெளிச்சம். அது சந்தின் சுவரில் ஒரு கோடாக விழுந்திருந்தது. அந்த இடுக்கிலிருந்து ஈரமண் வாசனை வந்தது. முட்டை வாசனை வந்தது. அதற்கடியில் இன்னொன்று. முகப்பவுடர் வாசனை.

கிரேஸ் ஓடிவிடலாம். ரகு சாருக்குப் போன் போடலாம். போன் மேடைமேல் இருந்தது. அவள் போகவில்லை. பதினாறு வருஷமாக அவள் கேட்டது ஓர் இடம்தான். மண்டி போட்டு மெழுகுவத்தி ஏற்ற ஓர் இடம். அது இங்கே, அவள் படுத்துத் தூங்கிய இடத்திலிருந்து பத்தடியில் இருந்திருக்கிறது. எலும்பாக இருந்தாலும் பரவாயில்லை. பார்த்துவிட வேண்டும். ஆண்டவரே, பார்த்துவிட வேண்டும்.

கிளெமென்டின் குரல் கேட்டது. கீழே, ஆழத்தில். யாரிடமோ தணிவாகப் பேசிக்கொண்டிருந்தார். ஜெபம் சொல்கிறார் என்று நினைத்தாள். சமாதியிடம் பேசுகிறவர்கள் உண்டு, அவளும் இன்று சாயங்காலம் சிலுவையிடம் பேசிவிட்டுத்தான் வந்தாள்.

"இன்னும் ரெண்டு வாய்தான்," என்றார் கிளெமென்ட். "ஆறிப்போச்சின்னா நல்லா இருக்காது. தொற."

தட்டில் கரண்டி உரசியது.

கிரேஸ் ஒரு அடி எடுத்து வைத்தாள். சந்தில் பாவியிருந்த கடப்பைக் கல் ஒன்று அவள் காலடியில் லேசாக ஆடி, தட்டென்று உட்கார்ந்தது.

கரண்டிச் சத்தம் நின்றது.

"அப்பா."

பெண் குரல். வளர்ந்த பெண்ணின் குரல். கரகரத்து, புழக்கமில்லாமல் துருப்பிடித்திருந்தது. ஆனால் பேச்சு எட்டு வயசுப் பிள்ளையுடைய பேச்சு. கடைசி எழுத்தை இழுக்கிற இழுப்புகூட மாறவில்லை. அந்த இழுப்பை கிரேஸுக்குத் தெரியும்.

"அப்பா, போட்டோக்காரன் வந்துட்டான். மேல நடக்கறான்."

மழை கொட்டியது. கிளெமென்ட் மேலே நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். சுவரில் விழுந்திருந்த வெளிச்சக் கோட்டில் ஒரு நிழல் அசைந்து நின்றது. அவருக்குத் தெரிந்துவிட்டது. யார் நிற்பது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே கேட்ட காலடி.

பிறகு பேசினார். குரலில் நடுக்கமே இல்லை. பிள்ளையைத் தூங்கவைக்கிற குரல்.

"நடக்கட்டும்மா. இத்தினி வருஷமா மேலயேதான நடக்கறான்? இங்க அவனால வரமுடியாது. அப்பா சொல்லிக் குடுத்தேன் இல்ல, அந்தக் காலு சத்தம் கேட்டா இன்னா பண்ணணும்?"

சுவிட்சைத் தட்டுகிற சத்தம். வெளிச்சக் கோடு அணைந்தது.

கிரேஸ் கூப்பிட வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் அது யாருடைய குரலாகக் கீழே போய்ச் சேரும். அதிகாலையில் எழுந்து அவள் காபி போட நடந்த நடை, ராத்திரி தூக்கம் வராமல் பிள்ளையை நினைத்து அழுதுகொண்டு ஹாலுக்கும் அறைக்குமாக நடந்த நடை, ஜெபமாலையை உருட்டிக்கொண்டு விடிய விடிய நடந்த நடை. ஒவ்வொன்றுக்கும் கீழே இருட்டில் ஒருத்தி விளக்கை அணைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கிரேஸ் அடுத்த அடிக்காகத் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. இரண்டு கையாலும் ஈரச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில், மூச்சைப் பிடித்து நின்றாள். கீழேயும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.